மாசியில் வராத மெம்பர்

1

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது எட்டு, வளர்த்து ஆளாக்கியது ஐந்து. கொழும்பில் மூத்த மகன் சிதம்பரத்தின் வீட்டில் இருக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஒரு பக்கம் எழுதுவதற்குள் பகல் போய்விடும். போகட்டும். இங்கே எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஊரில் இருக்கிறவர்கள் வாசிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை தென்காசியிலிருந்து மூன்று பையன்கள் வந்தார்கள். படித்த பிள்ளைகள். உலகச் சண்டை ஓய்ந்துவிட்டதால் மெட்ராஸ் சட்டசபைக்கு மறுபடி எலெக்சன் நடக்கப் போகிறதாம். தங்கள் ஆளுக்கு ஓட்டுப் போடும்படி, இங்கே கடை வைத்திருக்கிற நம் பக்கத்து ஆட்கள் ஊரிலுள்ள சொந்தங்களுக்குச் சொல்லிவிட வேண்டுமாம். காப்பி கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டார்கள். கீழப்பாவூருக்குக் கிழக்கே என்று சொல்லி ஊரின் பெயரையும் சொன்னேன். அதில் ஒருவனுக்கு முகம் மலர்ந்தது. எங்கள் குளத்து விவகாரம் தனக்குத் தெரியும், தங்கள் ஆள் ஜெயித்தால் முதல் வேலை அதுதான் என்றான்.

அப்போது இளைய மகன் சங்கரன் கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, முற்றத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். திரும்பாமலே கேட்டான்.

"உங்க ஆளு குளத்த வந்து பாப்பாவளா?"

"கட்டாயம் பாப்பாவ அண்ணாச்சி. சாரல் சமயத்துல குத்தாலத்துக்கு வருவாவல்லா, அப்ப நேரே உங்க குளத்துக்குத்தான்."

சங்கரன் சிரித்தான். சிரிக்கிற பிள்ளை இல்லை அவன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனுக்குச் சந்தோஷம் என்று நினைத்துப் பையன்களும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டான். பரிமாறி வைத்த இலை அப்படியே இருந்தது.

பையன்கள் அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை கப்பலுக்குப் போகுமுன் வந்து பதில் கேட்பார்கள். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும். எழுதியே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

2

எங்கள் ஊருக்குக் குளம் ஒன்று. கீழக்குளம். அதற்கு மேலே, பக்கத்து ஊருக்கு மேலக்குளம். சிற்றாற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக மேலக்குளத்துக்கு வரும். அது நிரம்பி மறுகாலில் வழிந்தால்தான் எங்களுக்கு. முப்பாட்டன் காலத்திலிருந்து இதுதான் முறை. வழிந்ததைக் குடித்து வாழ்ந்தோம் என்று யாரும் கேவலமாக நினைத்தது கிடையாது. அவர்கள் உண்டு முடித்து நாங்கள் உண்டோம், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் இருந்த காலத்திலேயே மேலூர்க்காரர்கள் மறுகாலை மராமத்துப் பார்க்கிறோம் என்று சொல்லி ஒரு முழம் உயர்த்திக் கட்டிவிட்டார்கள். ஒரு முழம் என்றால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமில்லை. குளம் முழுக்க ஒரு முழம் தண்ணீர் நின்றால் எவ்வளவு என்று விவசாயம் செய்கிறவனுக்குத் தெரியும். அதன்பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையில் அவர்கள் குளம் கடல் மாதிரி நிற்கும். எங்களுக்கு வருவது அரைக்குளம். தை வரைக்கும் தாங்கும். மாசியில் பிசான நெல் பால்பிடிக்கிற நேரத்தில் குளம் வற்றி வெடித்துக் கிடக்கும். கதிர் நிமிர்ந்து நிற்கும். நெல் இருந்தால் தலை சாயும் அல்லவா? எங்கள் வயலில் எல்லாம் நிமிர்ந்தே நிற்கும்.

மூத்தவன் சின்ன வயதிலேயே கொழும்புக்கு வந்துவிட்டான். மற்றவன் ஒருவன் போலீசில் சேர்ந்தான். பெண்கள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தார்கள். சங்கரன் ஒருவன்தான் ஏர் பிடிக்க என்று நின்றான். மண்ணை விட்டுப் போக மாட்டேன் என்பான். பெருமைக்குச் சொல்லவில்லை, அவன் வரப்பு வெட்டினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அந்த ஒரு முழத்தை இடித்தால் அவன் ஊரில் இருப்பான். இடிக்காவிட்டால் அவனும் கப்பல் ஏறுவான். எனக்கு அன்று இருந்த கவலை இது ஒன்றுதான்.

3

வீட்டுக்காரர் போனபிறகு பட்டா என் பெயருக்கு வந்தது. பட்டா வந்ததும் ஓட்டும் வந்தது. நிலத்துக்குத் தீர்வை கட்டுகிறவர்களுக்குத்தான் அப்போது ஓட்டு. எங்கள் தெருவில் ஓட்டு உள்ள பொம்பளை நான் ஒருத்திதான். கீழப்பாவூரில் போய்ப் போட்டேன். அங்கே இருந்த ஆபீசர் புருஷன் பெயர் என்ன என்றார். நான் எப்படிச் சொல்வேன்? இலஞ்சியில் இருக்கிற சாமி பெயர் என்றேன். அவர் வேற்றூர்க்காரர், விழித்தார். பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. கடைசியில் தலையாரி சொல்லி எழுதினார்கள்.

நாங்கள் ஓட்டுப் போட்டது தென்காசி வக்கீல் ஒருவருக்கு. ஜெயித்ததும் எல்லாரும் அவரை மெம்பர் என்றே கூப்பிடத் தொடங்கினார்கள், அவர் வீட்டு அம்மாள் உட்பட. கெட்ட மனிதர் இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். போனால் உட்காரச் சொல்வார். எங்கள் மறுகாலைப் பற்றி மெட்ராஸ் சபையில் எழுந்து கேள்வியும் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த வார்த்தையை நான் முதலில் கேட்டது அப்போதுதான். நல்ல வார்த்தை போல இருந்தது. மறு வருஷமும் கேட்டார். அதே வார்த்தைதான் வந்தது.

கோர்ட்டுக்குப் போகலாமா என்று சங்கரன் கேட்டதற்கு, போகலாம், தீர்ப்பை உன் பேரன் வாங்குவான் என்றார். அவர் வக்கீல். அவருக்குத் தெரியாதா.

இங்கே கொழும்பில் விடிந்தால் குழாயைத் திறக்கிறார்கள். தண்ணீர் வருகிறது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சங்கரன் மகள், பேத்தி கோமதி, பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வந்து, "ஆச்சி, வத்துர வேணும்" என்கிறாள். தண்ணீர் என்று சொல் ஏட்டி என்றால் முழிக்கிறாள். அவள் அப்பன் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எத்தனை படி ஏறி இறங்கினான் என்று இவளுக்கு எப்படித் தெரியும்.

4

மெம்பருக்கு ஒரு வழி இருந்தது. மெட்ராசில் காகிதம் கொடுப்பது கணக்குக்குத்தான், காரியம் நடப்பது குற்றாலத்தில்தான் என்பார். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் பெரிய உத்தியோகஸ்தர்கள் எல்லாரும் அருவியில் குளிக்க வந்து இறங்குவார்கள். மெம்பரும் அங்கே சீசனுக்கு வீடு பிடிப்பார். ஒவ்வொரு ஊர்க்காரனும் அவரவர் குறையோடு அந்த வீட்டு வாசலில் ஈரத்தில் நிற்பான். மெம்பர் ஆளைப் பார்த்து, வேளை பார்த்துப் பேசுவார். ஒருவர் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது கேட்டால் எரிச்சல்படுவாராம். அருவியில் நின்று வந்து, தலை துவட்டி, வயிறு நிறையச் சாப்பிட்டு, வெற்றிலை போட்ட பிறகு கேட்க வேண்டுமாம். என்னிடம் அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"மெட்ராசுல அவன் கோட்டு, நம்ம வேட்டி. பேச முடியாது ஆச்சி. அருவிக்குக் கீழ எல்லாருக்கும் கோவணந்தான். அங்கன வச்சுத்தான் நம்ம காரியம்."

ஒரு வருஷம் குளங்களுக்கெல்லாம் மேலான எஞ்சினீயர் வந்திருந்தார். நம் தேசத்து மனிதர்தான், ஆனால் துரை மாதிரி உடுப்பு. மெம்பர் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு எங்களுக்கு ஆள் அனுப்பினார். ஆச்சி வந்து சொதி வைத்தால் காரியம் பாதி முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் பட்டா உள்ளவள், ஓட்டுள்ளவள். அடுத்தவன் வீட்டில் அடுப்படியில் நிற்கவா? சங்கரன் வேண்டாம் என்றான். "நீ போகாண்டாம்மா, குளம் வத்தினா வத்தட்டும்" என்றான். அதைக் கேட்டதும்தான் போனேன். தேங்காய் இலஞ்சியிலிருந்து வந்தது. மூன்று பால் எடுத்து, பாசிப்பருப்புப் போட்டு, எலுமிச்சை பிழிந்து இறக்கினேன். இஞ்சிப் பச்சடி வைத்தேன். எஞ்சினீயர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று மெம்பர் வீட்டு அம்மாள் உள்ளே வந்து சொன்னாள். வெற்றிலை போட்டபின் மெம்பர் பேச்சை எடுத்தார். எஞ்சினீயர் நாளை மறுநாள் தாமே வந்து மறுகாலைப் பார்ப்பதாகச் சொன்னார்.

சாரலில் நனைந்துகொண்டே வண்டியில் ஊருக்குத் திரும்பினோம். சங்கரன் வண்டி ஓட்டினான். வழியெல்லாம் அடுத்த பிசானத்துக்கு என்ன விதை என்று பேசிக்கொண்டே வந்தான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

5

இனி நடந்ததை எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்காமல் வாசிக்க வேண்டும்.

வீட்டுக்கு ஆள் வந்தால் அடுக்களையில் ஒன்றுமில்லை என்று காட்டிக்கொள்ள எங்களுக்குத் தெரியாது. கடன் வாங்கியாவது இலை நிறைப்போம். அவ்வளவு பெரிய மனிதர் ஊருக்கு வருகிறார் என்றதும் ஊர் கூடிவிட்டது. குளத்தங்கரை முனையில் வாழை மரம் கட்டினார்கள். தோரணம் போட்டார்கள். இளநீர் குலை குலையாக வந்தது, எங்கள் ஊரில் அத்தனை தென்னை கிடையாது. பக்கத்து ஊரில் ஜமுக்காளமும் நாற்காலியும் இரவல் வாங்கினார்கள். பொம்பளைகள் எல்லாரும் பட்டுச்சேலை, இருந்த நகை. நானும் கட்டினேன். கும்பத்தில் தண்ணீர் நிறைத்து வைத்து, நாயனம் வாசித்து அழைத்தோம்.

அந்த இரண்டு நாளும் மலையில் நல்ல மழை. ஆற்றில் வெள்ளம். மேலக்குளம் நிறைந்து, உயர்த்திக் கட்டிய மறுகாலுக்கும் மேலே வழிந்து எங்கள் குளத்துக்குள் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. வருஷத்தில் ஏதோ நாலு நாள் நடப்பது, அன்றைக்கு நடந்தது. கார்ப் பயிர் நடவு முடிந்து வயல் பச்சென்று கிடந்தது. மேலே சாரல் பூப்பூவாய் விழுந்தது.

எஞ்சினீயர் குடையைப் பிடித்துக்கொண்டு கரைமேல் நடந்தார். வாழை மரத்தைப் பார்த்தார், எங்கள் பட்டுகளைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். மெம்பர் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தார்.

"என்ன சார், இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டா அழுகிறீர்கள்? வறட்சி ஊர் எப்படி இருக்கும் என்று நான் காட்டட்டுமா?"

சங்கரன் முன்னால் போய், மாசியில் வந்து பாருங்கள் ஐயா, இதே இடத்தில் மாடு மேயும் என்றான். எஞ்சினீயர் தலையாட்டினார். இளநீர் குடித்தார். கார் புறப்பட்டபோது நாயனக்காரன் மறுபடி வாசித்தான். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

ஊருக்குள் அதன்பிறகு பட்டுச்சேலையைப் பற்றி ஒருத்தருக்கொருத்தர் ஏச்சு. வாழை மரம் கட்டச் சொன்னது யார் என்று பெரிய சண்டை. யார் சொல்லாவிட்டாலும் கட்டியிருப்போம். கிழிந்த பாயில் அவரை உட்கார வைக்க எங்களால் முடிந்திருக்குமா? இன்றைக்கு வந்தாலும் முடியாது.

6

மாசியில் எஞ்சினீயரைக் கூட்டி வாருங்கள், அவர் வராவிட்டால் நீங்களாவது வந்து பார்த்துச் சபையில் சொல்லுங்கள் என்று மெம்பரைக் கேட்டோம். அப்போதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. மாசியில்தான் மெட்ராசில் பட்ஜெட் சபையாம். வரவு செலவு எல்லாம் அந்த மாதத்தில்தான் பேசுவார்களாம். உத்தியோகஸ்தர்களும் அங்கே இருந்தாக வேண்டும், மெம்பரும் இருந்தாக வேண்டும். எங்கள் குளம் வெடித்துக் கிடக்கிற நாட்களில் அவர் எங்களுக்காகத்தான் அங்கே பேசிக்கொண்டிருந்தார். அவர் இங்கே வருகிற நாட்களில் குளத்தில் தண்ணீர் நிற்கும். அந்த மனிதர் எத்தனையோ வருஷம் எங்கள் குளத்துக்காகப் பேசினார். வற்றிய குளத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அப்படியானால் நாமே கொண்டுபோய்க் காட்டுவோம் என்றான் சங்கரன். ஒரு மாசியில் வயலிலிருந்து பதர்க் கதிரை ஒரு கட்டு அறுத்து, துணியில் சுற்றி, தென்காசியில் ரயிலேறி மெட்ராஸ் போனான். மெம்பர் அவனை எஞ்சினீயரின் ஆபீசுக்கே கூட்டிப்போனார். எஞ்சினீயர் ஒரு கதிரை எடுத்து உருவிப் பார்த்தாராம். உள்ளே ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரிந்ததாம். ஆனால் இது எந்த வயலில் விளைந்தது என்று கதிர் சொல்லாதே தம்பி, நான் என் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும், நான் பார்த்தபோது உங்கள் குளம் நிறைந்திருந்தது என்றாராம். சொதி நன்றாக இருந்தது, அம்மாவைக் கேட்டதாகச் சொல் என்றும் சொல்லி அனுப்பினாராம்.

சங்கரன் திரும்பி வந்து இதை எல்லாம் கோபமில்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது. மறுநாள் மாட்டைக் கழுவிக் கட்டிவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து, "அண்ணனுக்கு எழுதச் சொல்லும்மா, நான் வாரேன்னு" என்றான்.

7

நானும் அவனோடு குடும்பமாகக் கப்பலுக்குப் புறப்பட்டேன். மண்டபம் முகாமில் வைத்து ஊசி போட்டார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், ஈரத் துணியோடு வரிசையில் நிற்க வைத்தார்கள். கோமதி அப்போது கைக்குழந்தை. என்ன வேலைக்குப் போகிறாய் என்று அங்கே இருந்த ஆபீசர் கேட்டதற்கு, விவசாயம் என்று சங்கரன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். கொழும்பில் ஏது வயல் என்று அவர் அதட்டினார். பிறகு அண்ணன் கடை என்று திருத்திச் சொன்னான். அன்றிலிருந்து அவன் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். புறக்கோட்டைக் கடையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நிற்கிறான். தும்மல் கூட நின்றுவிட்டது.

சில வருஷம் முன்னால் இங்கே ஓட்டுக்குப் பெயர் எழுத ஒரு குமாஸ்தா வந்தார். இந்த நாட்டிலேயே கடைசிவரை இருப்பீர்களா என்று கேட்டார். அதற்கு அத்தாட்சி வேண்டுமாம். நான் எதைச் சொல்ல? பேசாமல் இருந்தேன். பேசாதவர்களை எழுத மாட்டார்களாம். அங்கே ஓட்டு இருந்தது தண்ணீர் இல்லை, இங்கே தண்ணீர் இருக்கிறது ஓட்டு இல்லை என்று மூத்தவன் வேடிக்கையாகச் சொன்னான். மருமகள்கள் சிரித்தார்கள்.

நாங்கள் வந்த பிறகு நடந்த எலெக்சனில் மெம்பர் தோற்றுப்போனார். என் தங்கை மகன் இங்கே வந்திருந்தபோது ஒன்று சொன்னான். மெம்பர் பதவி போன பிறகு வந்த மாசியில் அவருக்கு மெட்ராசில் வேலை இல்லை. ஒருநாள் வில்வண்டி பூட்டிக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் எங்கள் குளத்துக்கு வந்தாராம். செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டுக் குளத்துக்குள் இறங்கி நடந்தாராம். வெடிப்பில் கால் வைத்து வைத்து நடு வரைக்கும் போய் நின்றாராம். ஆடு மேய்த்த ஒருவன்தான் பார்த்திருக்கிறான். என்ன அண்ணாச்சி தேடுதீய என்று கேட்டிருக்கிறான். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டாராம். அடுத்த வருஷம் காலமானார்.

நான் அழுதுவிட்டேன். சங்கரன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "இப்பப் பாத்து?" என்றான். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

8

பையன்களே, உங்களுக்கு என் பதிலைச் சொல்கிறேன். உங்கள் ஆள் நல்லவராகவே இருக்கலாம். எங்கள் ஆளும் நல்லவர்தான்.

நீங்கள் புறப்படும்போது வாசலில் வைத்து நான் ஒன்று கேட்டேன், ஞாபகம் இருக்கும். இந்தத் தடவை ஓட்டு மாசி, பங்குனி வாக்கில் என்றீர்கள். அப்படியானால் ஓட்டுக் கேட்க உங்கள் ஆள் மாசியில் எங்கள் ஊருக்கு வந்துதானே ஆக வேண்டும், அப்போதே குளத்தைப் பார்த்துவிடலாமே என்றேன். உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களில் மூத்தவன், நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியாதவன், தலையைச் சொறிந்துகொண்டு என்னையே திருப்பிக் கேட்டான்.

"அங்கன இப்ப எத்தன ஓட்டு ஆச்சி இருக்கு?"

உள்ளதைத்தான் கேட்டான். பட்டா உள்ளவர்களில் பாதிப்பேர் இங்கே கொழும்பில், மீதியில் பலர் தூத்துக்குடி மில்லில், பினாங்கில், பட்டாளத்தில். வயலில் உடைமரம் முளைத்துக் கிடக்கிறதாம். விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. ஓட்டில்லாத ஊருக்கு ஓட்டுக் கேட்க யார் வருவார்? ஒரு வேளை இனிமேல் யாராவது வந்து அந்த ஒரு முழத்தை இடித்தாலும், தண்ணீர் வந்து யார் வயலில் பாயும்?

அதனால் என் சொந்தங்களுக்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. யாருக்கும் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. எங்கள் குளத்தின் பெயரைச் சொல்லி யாரிடமும் ஓட்டுக் கேட்காதீர்கள். அது ஒன்றுதான் நான் கேட்பது. கேட்டால் கொடுப்பீர்களோ என்னவோ.

எழுதி முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. ஏட்டி கோமதி, இங்கே வா. இதை முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், நீ திருத்த வேண்டாம். தெரியாத வார்த்தை வந்தால் நிறுத்திக் கேள், சொல்கிறேன். உங்க அப்பன் கடையிலிருந்து வந்து கை கழுவுகிறான் போலிருக்கிறது. அவன் காதில் விழும்படி சத்தமாகவே வாசி. அவன் எழுந்து போனாலும் நீ நிறுத்தாதே.